துவரையின் இரண்டு பங்காளிகள்

மார்கழிப் பனியில் புதுச்சத்திரத்து மேட்டுக்காடுகளைப் பார்க்க வேண்டும். சேலத்திலிருந்து நாமக்கல் போகும் நெடுஞ்சாலையில் ஆண்டகளூர் கேட்டைத் தாண்டினால் செம்மண் நிலம் விரிகிறது. கிழக்கே கொல்லிமலை நீலமாகக் கிடக்கும். ஆடியில் நிலக்கடலையோடு சேர்த்து விதைத்த துவரை, கடலையைப் பிடுங்கி வெகுநாள் ஆன பிறகும் சால் சாலாக நிற்கும். ஆளுயரச் செடி, நுனியெல்லாம் மஞ்சள் பூ, அதற்குக் கீழே கொத்துக் கொத்தாகக் காய். வீட்டுக்கு வேண்டியதைப் பச்சையாகப் பறித்து உப்புப் போட்டு அவித்து உரித்துத் தின்பார்கள். பச்சைத் துவரங்காய்க் குழம்புக்கும் இதுதான் காலம். மீதி செடியிலேயே நெற்றாகி, களத்தில் அடிபட்டு, செம்மண் கட்டி வெயிலில் உலர்ந்து, பருப்பாக உடையும். துவரம் பொட்டு மாட்டுக்கு. மிலாறு அடுப்புக்கு, கூடைக்கு, தக்காளிச் செடிக்கு ஊன்றுகோலுக்கு.

அதே காட்டின் வேலியோரத்தில், கரட்டு அடிவாரப் புல்லில், ஆடு மேயும் பாதையோரத்தில் குனிந்து பார்த்தால் வேறொரு செடி கண்ணில் படலாம். தரையோடு படர்ந்து, புல்லைப் பற்றிக்கொண்டு ஏறும் மெல்லிய கொடி. மூன்று மூன்றாக இலை. துவரையின் இலை நீண்டு கூராக இருக்கும்; இதன் இலை சிறுத்து, நுனி மழுங்கி, சாம்பல் பூத்தது போல் இருக்கும். தொட்டால் வெல்வெட்டுத் துணி மாதிரி. இலைக்காம்பின் கக்கத்தில் சின்னஞ்சிறு மஞ்சள் பூக்கள், ஒன்றிரண்டாக. காய் இரண்டு சென்டிமீட்டர் நீளம் வந்தால் பெரிது. அந்தக் காய் முழுவதும் அடர்ந்த மயிர். விதைக்கும் விதைக்கும் நடுவே குறுக்காக அழுத்திவிட்டது போல் பள்ளம். களை எடுப்பவர்களின் கொத்துக்குத் தப்பினால் ஆட்டின் வாய்க்குப் போகும். பெரும்பாலோர் இதற்குப் பெயர் வைத்து அழைப்பதில்லை.

இந்தக் கொடி துவரைக்குப் பங்காளி. தாவரவியலில் இதற்குக் கஜானஸ் ஸ்கராபியாய்டிஸ் என்று பெயர். துவரையின் பெயர் கஜானஸ் கஜான். கஜானஸ் என்பது குலப்பெயர். மலாய் மொழியில் பயற்றைக் குறிக்கும் காச்சாங் என்ற சொல்லிலிருந்து வந்தது. ஸ்கராபியாய்டிஸ் என்றால் வண்டைப் போன்றது என்று பொருள். முற்றிய விதையை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால் அந்தப் பெயர் பொருந்துவது தெரியும். கருத்த, மினுங்கும், எள்ளைவிடக் கொஞ்சம் பெரிய விதை; ஒரு பக்கத்தில் வெளிறிய சதை மேடு ஒன்று தலை போலத் துருத்திக்கொண்டிருக்கும். கால் முளைத்தால் ஓடிவிடும் என்று தோன்றும். இந்தக் கட்டுரைக்கு இதை வண்டுத் துவரை என்று வைத்துக்கொள்ளலாம்.

இன்னொரு பங்காளி புதுச்சத்திரத்தில் இல்லை, தமிழ்நாட்டிலேயே இல்லை. ஒடிசாவின் குன்றுகள், சத்தீஸ்கரின் பஸ்தர் காடுகள், அவற்றை ஒட்டிய ஆந்திரத்துக் கிழக்குத் தொடர்ச்சி மலைகள், இவைதான் அதன் ஊர். பெயர் கஜானஸ் கஜானிஃபோலியஸ்: துவரையின் இலையைக் கொண்டது. இலை மட்டுமா? செடியே துவரைதான். நிமிர்ந்து நிற்கும் புதர், அதே கூரிலை, அதே மஞ்சள் பூ. பூத்து நிற்கும்போது எதிரே கொண்டுபோய் நிறுத்தினால் நாற்பது வருடம் துவரை விதைத்தவர்கூட யாரோ துவரையைக் காட்டில் வீசிவிட்டுப் போயிருக்கிறார்கள் என்றுதான் நினைப்பார். இதை ஒடிசாத் துவரை என்று அழைப்போம்.

ஒன்று தரையில் படரும் கொடி, நம் வரப்பில் இருப்பது. மற்றது நிமிர்ந்த புதர், ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி மலையில் இருப்பது. இரண்டும் துவரைக்கு உறவு. இரண்டிலும் எது நெருங்கிய உறவு என்று கேட்டால், முகத்தைப் பார்த்தே ஒடிசாத் துவரை என்று சொல்லிவிடலாம். எதனால் அதிகப் பயன் என்று கேட்டால் மட்டும் பதில் அவ்வளவு சுலபமாக வராது. அந்தக் கேள்விக்குத்தான் ஐம்பது வருடமாகத் துவரை ஆராய்ச்சியாளர்கள் விடை தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

உறவு முறையைக் கண்டுபிடிக்கவே நெடுங்காலம் ஆயிற்று. 1753-இல் சுவீடன் நாட்டு லின்னேயஸ் உலகத்துச் செடிகளுக்கெல்லாம் பெயர் வைத்து நூல் எழுதியபோது, துவரை ஒரு பேரினத்திலும் வண்டுத் துவரை வேறொரு பேரினத்திலுமாகப் போய் விழுந்தன. 1834-இல் ராபர்ட் வைட் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர், ஆர்னட் என்பவரோடு சேர்ந்து தென்னிந்தியத் தாவரங்களைப் பற்றி நூல் வெளியிட்டார். வைட் சென்னை மாகாணத்தில் வேலை பார்த்தவர். பிற்பாடு கோயம்புத்தூரில் பருத்திச் சாகுபடிச் சோதனைகளை நடத்தியவர். ரங்கையா, கோவிந்து என்ற இரண்டு ஓவியர்களை வைத்து இந்த மண்ணின் செடிகளை இலை இலையாக வரையச் செய்தவர். அந்த 1834 நூலில்தான் காட்டுத் துவரைகளுக்கென்று அடிலோசியா என்ற தனிப் பேரினம் உருவானது. நாட்டுத் துவரை ஒரு வீடு, காட்டுத் துவரைகள் வேறு வீடு என்று பாகம் பிரித்தாயிற்று. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பீகார், ஒடிசா தாவரங்களைத் தொகுத்த வனத்துறை அதிகாரி ஹெயின்ஸ், ஒடிசாத் துவரையைக் கண்டு பெயர் வைத்தபோதும் அதை அடிலோசியாவில்தான் சேர்த்தார். பார்க்க அச்சு அசலாகத் துவரை, ஆனால் பாகப் பிரிவினைப்படி வேறு வீடு.

பிரித்ததற்குக் காரணம் ஒரு சின்ன உறுப்பு. முன்னே சொன்ன அந்தச் சதை மேடு. காட்டுத் துவரைகளின் விதையில், காயோடு ஒட்டியிருந்த தழும்புக்குப் பக்கத்தில் வெளிறிய புடைப்பு தெளிவாக இருக்கும். கடையில் வாங்கும் முழுத் துவரையைக் கையில் எடுத்துப் பார்த்தால் அந்த இடத்தில் வெள்ளைத் தழும்பு மட்டும் இருக்கும், புடைப்பு இருக்காது. இந்த ஒரு வேறுபாட்டை முக்கியமாக வைத்து 150 ஆண்டுகள் இரண்டு பேரினங்கள் நின்றன. இடையில் துவரையையும் காட்டுச் செடிகளையும் கலந்து பார்த்தவர்கள், இவை தாராளமாகக் கலக்கின்றன, பிறக்கும் செடிகள் காய்க்கவும் செய்கின்றன என்று கண்டார்கள். எல்லாவற்றிலும் குரோமோசோம் எண்ணிக்கை 22. கடைசியில் வான் டெர் மேசன் என்ற டச்சுத் தாவரவியலாளர் ஒவ்வொரு இனத்தையும் அலசி, 1986-இல் அடிலோசியாவைக் கலைத்துக் கஜானஸ் பேரினத்தோடு சேர்த்தார். அவருடைய கணக்கில் மொத்தம் 32 இனங்கள். 13 ஆஸ்திரேலியாவுக்கே உரியவை, ஒன்று மேற்கு ஆப்பிரிக்காவில். மீதியில் பெரும்பான்மை இந்தியாவிலும் அதைச் சுற்றிய ஆசிய நாடுகளிலும். பிரிந்த பாகம் 152 ஆண்டுக்குப் பிறகு ஒன்று சேர்ந்தது.

துவரையின் பூர்விகம் எது என்ற வழக்கும் இதனோடு சேர்ந்தே முடிந்தது. ஆப்பிரிக்காவில் துவரை ஏராளம். எகிப்தியக் கல்லறையில் விதை கிடைத்ததாகவும் பேச்சு உண்டு. ஆகையால் துவரை ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது என்று பலர் எழுதிவைத்தார்கள். ஆனால் ஒரு பயிரின் தாய்வீட்டைத் தேட வேண்டுமானால், அதன் காட்டு மூதாதை எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஒடிசாத் துவரை இந்தியாவில் மட்டுமே வாழ்கிறது. ஒடிசாவின் கோபால்பூர், கோல்பாய் சாசன், கர்நாடகத்தில் பெல்லாரி பக்கத்துச் சங்கனகல்லு ஆகிய அகழாய்வு இடங்களில் மூவாயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட துவரை விதைகள் கரியாகிக் கிடைத்திருக்கின்றன. 2011-இல் துவரையின் முழு மரபணுத் தொகுதியை வாசித்து வெளியிட்டார்கள். ஆஷா என்ற ரகத்தை எடுத்துப் படித்ததில் 48,000-க்கும் மேற்பட்ட மரபணுக்கள் எண்ணப்பட்டன. 2017-இல் 292 துவரைகளின், காட்டு உறவுகளையும் சேர்த்து, மரபணுக்களை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். நாட்டுத் துவரை மத்திய இந்தியப் பகுதியில் தோன்றியிருக்க வேண்டும் என்பது அதன் முடிவு. நாட்டுத் துவரையின் நேரடி மூதாதை ஒடிசாத் துவரையே என்பதில் ஆய்வாளர்கள் இன்று ஏறக்குறைய ஒருமனமாக இருக்கிறார்கள்.

மூதாதையை வீட்டுப் பயிராக்க மனிதர்கள் அதில் என்னென்ன மாற்றினார்கள்? ஒடிசாத் துவரையையும் நம் துவரையையும் பக்கத்தில் வைத்தால் தெரியும். காட்டுச் செடியின் நெற்று வெயிலில் முறுகி வெடிக்கும், விதை தெறித்துப் போகும். நாட்டுத் துவரையின் நெற்று களத்தில் தடி கொண்டு அடிக்கும்வரை மூடியே இருக்கும். காட்டு விதை கருத்துச் சிறுத்தது, தோல் கெட்டி. நூறு விதையை நிறுத்தால் இரண்டு மூன்று கிராம் தேறும். நாட்டு விதையில் நூறு, ஏழு முதல் பன்னிரண்டு கிராம் வரும். வெடிக்காத காய், பெரிய விதை, மழை பட்டதும் முளைக்கும் மெல்லிய தோல். யாரோ பெயர் தெரியாத பெண்கள், ஆண்கள், தலைமுறை தலைமுறையாகக் காய் வெடிக்காத செடியைப் பார்த்துப் பார்த்து விதைக்கு எடுத்துவைத்ததன் விளைவு இது.

எடுத்துவைத்தபோது சில குணங்கள் கை நழுவியும் போயின. அங்கேதான் வண்டுத் துவரை முக்கியமாகிறது.

புதுச்சத்திரத்தில் துவரை வைத்திருக்கும் யாரையும் கேட்டால் முதலில் சொல்லும் தொல்லை காய்ப்புழு. அந்துப்பூச்சி ராத்திரியில் வந்து மொட்டிலும் பூவிலும் காயிலும் ஒற்றை ஒற்றையாக முட்டை வைக்கும். பொரித்து வரும் புழு முதலில் மேல்தோலைச் சுரண்டும். கொஞ்சம் வளர்ந்ததும் காயில் வட்டமாகத் துளை போட்டு, தலையை உள்ளே நுழைத்துக்கொண்டு, உடம்பில் பாதியை வெளியே தொங்கவிட்டபடி விதையைத் தின்னும். ஒரு காயை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகும். ஹெலிகோவெர்பா என்ற இந்தப் புழு பருத்தி, கொண்டைக்கடலை, தக்காளி என்று எதையும் விடுவதில்லை. பல மருந்துகளுக்குப் பழகி எதிர்ப்பு வளர்த்துக்கொண்டதும் இதுதான்.

ஒரு காரியம் செய்து பார்க்கலாம். பச்சைத் துவரங்காய் ஒன்றைப் பறித்து இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்தால் லேசாகப் பிசுபிசுக்கும். விரலை மோந்தால் பச்சிலை வாசம் தங்கியிருக்கும். துவரங்காய் நிறையப் பறித்தவர்களுக்கு இந்தப் பிசுக்கு நன்றாகத் தெரியும். அது காயின் மேல் இருக்கும் நுண்ணிய சுரப்பு மயிர்களிலிருந்து வருவது. துவரையில் ஐந்து வகை மயிர்கள் உண்டு என்று நுண்ணோக்கியில் எண்ணியிருக்கிறார்கள். சிலவற்றின் நுனியில் எண்ணெய் போன்ற துளி நிற்கும். மற்றவை வெறும் ஊசி. துளி நிற்கும் மயிரின் சாறு தாய் அந்துப்பூச்சியை முட்டை வைக்க இழுக்கிறது. காய்த்தோலில் உள்ள வேறு சில பொருட்கள் புழுவை மேலும் மேலும் கடிக்கத் தூண்டுகின்றன. ஆக, நாம் வளர்க்கும் துவரையின் காயே புழுவைக் கூப்பிட்டு உட்காரவைக்கிறது.

வரப்பிலிருக்கும் வண்டுத் துவரையின் காயைத் தொட்டுப் பார்த்தால் பிசுக்கு இருக்காது; சொரசொரப்பு இருக்கும். அதன் காய்மேல் அந்த நீண்ட சுரப்பு மயிர் இல்லை. அதற்குப் பதில் துளியில்லாத ஊசி மயிர்கள், குட்டையும் நெட்டையுமாக, கம்பளி போர்த்தியது போல் நெருங்கி நிற்கின்றன. அந்துப்பூச்சி இதில் குறைவாகவே முட்டை வைக்கிறது. வைத்த முட்டையிலிருந்து வரும் புழுவோ ஒரு மில்லிமீட்டர் நீளத்து உயிர். அதற்கு இந்த மயிர்க்காடு முள்வேலி மாதிரி. காய்த்தோலில் வாய் வைக்கவே வழியில்லாமல் மேலே அலைந்து பட்டினியில் சாகும். தப்பிப் பிழைப்பவையும் துவரையில் வளரும் அளவுக்கு வளர்வதில்லை. ஐதராபாத்துக்குப் பக்கத்தில் பட்டான்செருவில் 1972-இல் தொடங்கிய இக்ரிசாட் ஆய்வகத்தில் இதை விரிவாகச் சோதித்திருக்கிறார்கள். துவரையோடு வண்டுத் துவரையைக் கலந்தபோது, அடர்ந்த ஊசி மயிர் என்ற குணம் முதல் தலைமுறையிலேயே காய்மேல் தெரிந்தது. அடுத்த தலைமுறையில் அது பிரிந்த விதத்தைப் பார்த்து, ஓங்கிய குணம் என்று முடிவு செய்தார்கள். அதாவது, பயிருக்குக் கொண்டுவர முடியாத குணம் இல்லை.

ஒடிசாத் துவரையிடம் இந்தக் கம்பளி இல்லை. துவரைக்கு எவ்வளவு நெருங்கிய சொந்தமோ, துவரையின் பலவீனங்களும் அவ்வளவு அதனிடம் இருக்கின்றன. உப்புத் தண்ணீரில் வளர்த்துப் பார்த்த சோதனைகளிலும் இதே கதை: ஒடிசாத் துவரை சீக்கிரம் துவண்டது, வண்டுத் துவரை தாங்கியது. கிணறும் ஆழ்துளையும் இறங்க இறங்கத் தண்ணீர் உவர்ப்பேறும் நாமக்கல் பக்கத்து விவசாயிக்கு இந்த வேறுபாடு சாதாரணமானதில்லை.

அப்படியானால் ஒடிசாத் துவரையால் என்ன பயன்? அதைச் சொல்ல வேண்டுமானால் ஒட்டுவிதைக் கதைக்குப் போக வேண்டும். துவரை ஆராய்ச்சியிலேயே நெஞ்சை அள்ளும் பகுதி இதுதான்.

சோளம், கம்பு, மக்காச்சோளம் எல்லாவற்றிலும் வீரிய ஒட்டு விதை வந்து விளைச்சல் ஏறியது. துவரையில் வரவில்லை. காரணம், துவரைப் பூ தன் மகரந்தத்தைத் தானே ஏற்றுக்கொண்டுவிடும். மொட்டுக்குள்ளேயே பெரும்பாலும் காரியம் முடிந்துவிடும். தேனீக்கள் மூலம் அயல் மகரந்தமும் ஓரளவு சேரும் என்பது உண்மை. ஆனால் ஏக்கர் கணக்கில் ஒட்டு விதை எடுக்க வேண்டுமானால், மகரந்தமே இல்லாத பெண் செடி வேண்டும். அப்படி மலட்டு மகரந்தம் கொண்ட துவரை 1970-களில் கிடைத்தது. அதை வைத்து இக்ரிசாட் 1991-இல் ஐ.சி.பி.எச். 8 என்ற ஒட்டுத் துவரையைக் கொடுத்தது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் 1994-இல் கோ.பி.எச். 1, 1997-இல் கோ.பி.எச். 2 என்று இரண்டைக் கொண்டுவந்தது. பயறு வகையில் ஒட்டுவிதை என்பதே உலகத்துக்குப் புதிது. ஆனால் விதை உற்பத்தியில் ஒரு சிக்கல். பெண் வரிசையில் விதைத்தால் பாதிச் செடிதான் மலடாக இருக்கும். மீதிப் பாதியில் மகரந்தம் இருக்கும். பூக்கத் தொடங்கியதும் ஆட்கள் செடி செடியாகப் போய், மொட்டைப் பிரித்து மகரந்தப் பை மஞ்சளா வெளிறலா என்று பார்த்து, மஞ்சளாக இருந்தால் பிடுங்கி எறிய வேண்டும். பாதி வயலைப் பிடுங்கிப் போடும் வேலை. கூலி கட்டுபடியாகவில்லை, அந்த ரகங்கள் பரவவில்லை.

வழியைக் காட்டியவை காட்டுப் பங்காளிகள். ஒரு செடியின் குணங்கள் எல்லாம் உயிரணுவின் உட்கருவில் மட்டும் இல்லை. உட்கருவைச் சுற்றியிருக்கும் சாற்றிலும், அதிலுள்ள மைட்டோகாண்ட்ரியாக்களிலும் கொஞ்சம் இருக்கின்றன. இந்தச் சாறு தாய்வழிச் சொத்து. தகப்பன் வழியில் வராது. காட்டுத் துவரையைத் தாயாக வைத்து நாட்டுத் துவரையின் மகரந்தத்தைச் சேர்த்து, பிறந்ததோடு மறுபடி நாட்டுத் துவரையைச் சேர்த்து, இப்படியே ஆறேழு தலைமுறை போனால், உட்கரு முழுக்க நாட்டுத் துவரையாகிவிடும். சாறு மட்டும் காட்டுத் தாயுடையதாகவே நிற்கும். சாறும் உட்கருவும் இரண்டு வெவ்வேறு வீட்டைச் சேர்ந்தவை என்பதால் ஓர் இடத்தில் மட்டும் ஒத்துப்போகாது: மகரந்தம் உருவாகாது. மற்றபடி செடி ஆரோக்கியமாக இருக்கும். இம்முறை பாதி இல்லை; எல்லாச் செடியும் மலடு. பிடுங்க வேண்டிய வேலையே இல்லை.

முதலில் கைகொடுத்தது வண்டுத் துவரைதான். அதன் சாற்றைக் கொண்டு குஜராத்தில் உருவாக்கிய ஜி.டி.எச். 1 என்ற ஒட்டுத் துவரை 2004-இல் வெளியாயிற்று. நம் வரப்புக் கொடியின் இனத்துக்கு இப்படியொரு பெருமை இருக்கிறது. ஆனால் அந்த முறையில் ஒரு குறை தெரிந்தது. ஒட்டு விதையை விதைக்கும் விவசாயியின் வயலில் மகரந்தம் திரும்பவும் உருவாக வேண்டும்; இல்லாவிட்டால் காய் பிடிக்காது. வண்டுத் துவரையின் சாற்றில் அந்த மீட்சி எல்லா இடத்திலும் ஒரே மாதிரி வரவில்லை.

ஒடிசாத் துவரை வந்தது இந்த இடத்தில். கே.பி. சக்சேனாவும் அவருடைய இக்ரிசாட் குழுவினரும் அதைத் தாயாக வைத்து எடுத்த மலட்டு வரிசையை 2005-இல் அறிவித்தார்கள். அது குளிரிலும் வெயிலிலும் நிலையாக மலடாக நின்றது. தக்க தகப்பனைச் சேர்த்தால் ஒட்டுச் செடியில் மகரந்தம் குறையில்லாமல் திரும்பியது. நெருங்கிய சொந்தமாக இருந்ததன் பலன் அது. அதிலிருந்து வந்த ஐ.சி.பி.எச். 2671 என்ற ஒட்டுத் துவரை 2010-இல் மத்தியப் பிரதேசத்தில் வெளியானது. பல இடச் சோதனைகளில், பெயர்பெற்ற மாருதி ரகத்தைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகக் காய்த்தது. பின்னால் தெலங்கானாவுக்கு ஒன்று, ஒடிசாவுக்கே ஒன்று என்று வந்தன. ஒடிசா வயலில் நிற்கும் அந்த ஒட்டுத் துவரையின் ஒவ்வோர் உயிரணுவிலும், அதே மாநிலத்து மலையில் யாரும் விதைக்காமல் வளர்ந்த செடியின் தாய்வழிச் சாறு இருக்கிறது.

வண்டுத் துவரை அத்தோடு ஒதுங்கிவிடவில்லை. நாட்டுத் துவரையில் புரதம் சாதாரணமாக 20, 22 விழுக்காடு. வண்டுத் துவரையையும் அதன் உறவுகள் சிலவற்றையும் கலந்து, 28 விழுக்காட்டுக்கு மேல் புரதம் கொண்ட வரிசைகளை இக்ரிசாட்டில் எடுத்தார்கள். வெறும் சாம்பாரையும் ரசத்தையும் நம்பிப் பிள்ளைகளுக்குப் புரதம் சேர்க்கும் வீடுகள் நிறைந்த நாட்டில் இது சின்னச் செய்தியில்லை.

பிறகு ஏன் இந்தக் கம்பளிக் காய்த் துவரை இன்னும் விதைக்கடைக்கு வரவில்லை என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. வண்டுத் துவரையிடமிருந்து ஒரு நல்ல குணத்தை இழுத்தால், அதோடு பிணைந்து நான்கு வேண்டாத குணங்கள் வருகின்றன: படரும் தண்டு, பொடி விதை, வெடிக்கும் காய், கெட்டித் தோல். மூவாயிரம் ஆண்டில் விலக்கியதெல்லாம் ஒரே கலப்பில் திரும்பி வந்து நிற்கும். அவற்றை ஒவ்வொன்றாகக் கழித்து, மயிரை மட்டும் நிறுத்த, தலைமுறை தலைமுறையாகத் துவரையோடு திரும்பத் திரும்பச் சேர்க்க வேண்டும். துவரை ஆறுமாதப் பயிர். ஒரு தலைமுறைக்கு ஒரு வருடம் போகும். மரபணு அடையாளங்களைக் கொண்டு நாற்றிலேயே தெரிந்தெடுக்கும் வழி வந்த பிறகு வேகம் கூடியிருக்கிறது. இருந்தாலும் இது பொறுமையான கைகளுக்கான வேலை.

அந்த வேலைக்கு மூலதனம் விதைதான். இக்ரிசாட்டின் குளிர் அறைகளில் 13,000-க்கும் மேற்பட்ட துவரை விதைச் சேகரங்கள் இருக்கின்றன; அவற்றில் ஐந்நூற்றுக்கு மேல் காட்டு உறவுகள். புதுதில்லியில் தேசிய அளவிலான தாவர மரபு வள நிறுவனத்திலும் சேகரம் உண்டு. வண்டுத் துவரை அழியும் நிலையில் உள்ள செடி இல்லை. இந்தியாவில் மட்டும் இல்லாமல் இலங்கை, சீனா, தென்கிழக்கு ஆசியா, பசிபிக் தீவுகள் வரை பரவிய செடி. ஆனால் இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. எல்லா ஊர் வண்டுத் துவரையும் ஒரே மாதிரி இல்லை. ஓர் இடத்துச் செடி மலட்டுத் தேமல் நோயைத் தாங்கும். வேறிடத்துச் செடி தாங்காது. ஒன்று ஐம்பது நாளில் பூக்கும்; ஒன்று இழுக்கும். செம்மண் கரட்டில், வருடத்தில் பல மாதம் மழை காணாத நிலத்தில், ஆட்டுக்கும் கொத்துக்கும் தப்பி வாழப் பழகிய நாமக்கல் கொடியிடம் இருப்பது, அசாமின் ஈரப் புல்வெளியில் வாழும் கொடியிடம் இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஓர் ஊர்க் கொடி போனால், அந்த ஊர் அதற்குக் கற்றுக்கொடுத்ததும் சேர்ந்து போய்விடும்.

புதுச்சத்திரம் பக்கத்தில் அது வாழ்வதற்கான இடங்கள் நம் கண்ணெதிரே மாறிக்கொண்டிருக்கின்றன. நெடுஞ்சாலை நாலு வழியான பிறகு சாலையோரப் புல்வரிசை போயிற்று. அகலமான பழைய வரப்புகளைப் பொக்லைன் விட்டு மட்டம் பண்ணுகிறார்கள். களை எடுக்க ஆள் கிடைக்காததால் வரப்புக்கும் களைக்கொல்லி அடிக்கிறார்கள்; அவர்களைக் குறை சொல்லி என்ன செய்வது, கூலியும் நேரமும் அவர்களுக்குத்தான் தெரியும். கரடுகள் கல்லுக்காக உடைபடுகின்றன, மேய்ச்சல் நிலம் வீட்டுமனையாகிறது. மனதை வருத்துவது என்னவென்றால், இந்தக் கொடிக்கு அதிகம் தேவையில்லை. வேலியோரம் நாலு முழம் உழாத புல் இருந்தால் போதும்.

அடையாளம் காண வேண்டுமானால் கார்த்திகைக்கும் தைக்கும் இடையில் தேடலாம். மஞ்சள் பூ மட்டும் போதாது. மஞ்சளாகப் பூக்கும் பயற்றுக்கொடிகள் வரப்பில் வேறு பலவும் உண்டு. நரிப்பயறு தளதளவென்று பசேல் என்றிருக்கும். அதன் காய் ஒல்லியாக, உருண்டையாக நீளும். வண்டுத் துவரையின் காய் தட்டை, குட்டை, குறுக்குப் பள்ளம் உள்ளது, மயிர் அடர்ந்தது. இலையைக் கசக்காமல் வெறுமனே தடவினாலே போதும், மென்மையில் தெரிந்துவிடும்.

நெற்றாகும் சமயத்தில் கண்டால், காயை அப்படியே பறித்து ஒரு துணிப்பையில் போட்டு வாயைக் கட்டி வெயிலில் வைக்க வேண்டும். திறந்த தட்டில் வைத்தால் மத்தியானத்துக்குள் காயின் இரண்டு தோலும் முறுக்கிக்கொண்டு வெடித்து, விதை வாசல் முழுவதும் சிதறிவிடும். பைக்குள் வைத்தால் பட்பட்டென்று சத்தம் மட்டும் கேட்கும். பிறகு அவிழ்த்துப் பார்த்தால் திருகுசுருளான தோல்களுக்கு நடுவே கருத்த விதைகள் கிடக்கும். ஈரத்துணியில் முடிந்து வைத்தால், துவரை மூன்றாம் நாளே முளைவிட்டிருக்கும். இது வாரக்கணக்கில் அப்படியே கல்லாகக் கிடக்கும். மணல்தாளில் லேசாகத் தேய்த்தோ, சதை மேட்டுக்கு எதிர்ப்பக்கம் கத்தி நுனியால் ஒரு கீறல் போட்டோ வைத்தால் அன்று ராத்திரியே தண்ணீர் குடித்து உப்பும். நாலைந்து நாளில் வெள்ளை வேர் எட்டிப் பார்க்கும். ஒரு பழைய மண்தொட்டியில் செம்மண்ணும் மணலும் கலந்து ஊன்றி, பக்கத்தில் இன்னொரு தொட்டியில் வீட்டுத் துவரை விதை ஒன்றையும் போட்டுவிட்டால், தை முடிவதற்குள் இரண்டும் மூன்றிலை விட்டிருக்கும். ஒன்று நேராக மேலே போகும். மற்றது பிடிமானம் தேடித் தொட்டியின் விளிம்பைத் தாண்டிக் கீழே இறங்கும்.